கல்கியும் கருணாபுரமும்

கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தின் பெயரை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்கு முன்னர் நமது வாசகர்களில் பெரும்பாலோர் கேட்டிருக்க நியாயமில்லை. அம்மாதம் 18-ஆம் தேதி மெதனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் அங்கே ஒருவர் பின் ஒருவராக விழலானார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு அவர்களைத் தூக்கிச் சென்றார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் உண்ணக்கூடிய கூலித் தொழிலாளிகள். அரசாங்கத்தார் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தனர்; விசாரணைக் கமிஷன் ஒன்றும் நியமித்தனர். சென்னை ஹைகோர்ட்டார் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தனர்.

இவையெல்லாம் நடக்கவேண்டியவையே. ஆனால் அந்த நாட்களில் பத்திரிகைக்காரர்களாகிய நாம் செய்தது என்ன? காலையில் ஓர் எண்ணிக்கையை வெளியிட்டோம். மாலையில் அதைத் திருத்தி வேறோர் எண்ணிக்கையை வெளியிட்டோம். ஜனங்களில் ஒரு சாராரோ இன்னும் சுருக்கமாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள். குடித்தார்கள், ஆகையால் மாண்டார்கள் என்பதே அவர்களுடைய தீர்ப்பு. எண்ணிக்கை பொய்யன்று, தீர்ப்பிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் இவ்விரண்டும் சேர்ந்து, பெயரும் தொழிலும் குடும்பமும் உடைய மனிதர்களை ஒரே ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டன. குடிகாரர் என்பது அச்சொல். ஒரு சொல்லுக்குள் அடைபட்ட மனிதனை வெளியே கொண்டுவந்து நம் எதிரே நிறுத்துவது யாருடைய வேலை? வக்கீல் ஓரளவு செய்யலாம். பத்திரிகை ஓரளவு செய்யலாம். முழுவதும் செய்யவல்லவர் நாவலாசிரியர் ஒருவரே என்று நாம் கருதுகிறோம். அவ்வேலையைத் தமிழ்நாட்டில் மது ஒழிப்புப் பிரசாரத்திலேயே பயின்று, பின்னர் அதில் பெரும் புகழ் எய்திய ஒருவரின் சரித்திரத்தை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர். செல்வமில்லாத குடும்பம். பையன் மாயவரத்திலும் பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் படித்தான். 1921-இல் மகாத்மா காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தேசத்தைக் கலக்கியபோது, பள்ளி இறுதிப் பரீட்சை எட்டும் தூரத்தில் இருக்கையிலே படிப்பை விட்டு வெளியேறினான். ஒரு பரீட்சை என்பது ஏழைக் கணக்கர் வீட்டுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை, பரீட்சைகளினாலேயே பிழைப்புத் தேடிக்கொண்ட எம் போன்றவர்கள் நன்கு அறிவோம். மறு வருஷமே அந்த இளைஞருக்கு ஒரு வருஷச் சிறைவாசம் கிடைத்தது.

சிறையினின்று மீண்டதும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் நவசக்தி பத்திரிகையில் உதவியாசிரியரானார். தமிழைத் தெளிவாகவும் இனிமையாகவும் எழுதப் பழகியது அங்கேதான். 1927-இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. அதன்பின் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ராஜாஜி 1925-ஆம் ஆண்டில் நிறுவிய காந்தி ஆசிரமம் அங்கே இருந்தது. சுற்றுப்புறம் மழை பொய்க்கும் பூமி. நூல் நூற்றும் நெசவு செய்தும் வயிறு வளர்க்கும் ஏழைகள் நிறைந்த பிரதேசம். அவர்களுடைய சொற்பக் கூலியிலும் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குச் சென்றது. கருணாபுரத்தார் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கல்வராயன் மலைக்கு மேற்கே, அதே சேலம் ஜில்லாவில்தான் இவையெல்லாம் நடந்தன.

1929-இல் ராஜாஜி மது விலக்குக்கென்றே விமோசனம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் கிருஷ்ணமூர்த்தி. வெளிவந்த இதழ்கள் பத்தே. 1930-இல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது, ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து சிறை சென்றார், கிருஷ்ணமூர்த்தியும் ஆறு மாதம் சிறை சென்றார், பத்திரிகை நின்றது.

பத்து இதழ்தானே என்று அதைத் தள்ளிவிடலாகாது. பிரசாரக் கதைக்கு ஓர் ஆபத்து உண்டு. கதையில் வரும் மனிதன், ஆசிரியரின் கட்சிக்கு ஏற்கனவே பாடம் கற்பிக்கப்பட்ட சாக்ஷியாகிவிடுவான். கூண்டில் ஏறியதும் கேட்ட கேள்விக்கெல்லாம் தட்டாமல் பதில் சொல்வான். குறுக்கு விசாரணை தொடங்கினால் சாயம் வெளுத்துவிடும். குடிப்பவன் முழு மூர்க்கனாகவும், மனைவி முழுப் பதிவிரதையாகவும், கடைக்காரன் முழு ராக்ஷஸனாகவும் எழுதுவது எளிது. படிக்கிறவனும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவான். அந்த ஆபத்திலிருந்து கிருஷ்ணமூர்த்தி முற்றிலும் தப்பினார் என்று நாம் வாதிக்கமாட்டோம். ஆனால் அவரிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று ஹாஸ்யம். மற்றொன்று, கதை கேட்கவேண்டியவன் தர்மோபதேசம் பெற வந்தவனல்லன், நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் என்ற ஞாபகம். அவனைச் சிரிக்க வைத்தாலொழிய அவன் செவிசாய்க்கமாட்டான். சிரிக்க வைப்பதற்கோ, அவன் தன் தெருவில் பார்த்த மனிதனையே கதையிலும் பார்க்கவேண்டும். பாத்திரப் படைப்பின் முதல் பாடம் இதுவே.

1931-இல் சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனுக்கு ஆசிரியரானார். வாரா வாரம் எழுதவேண்டிய கட்டாயம் வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுதுபவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்த வாரம் அறிமுகமான மனிதனை வாசகர் ஏழு நாள் கழித்து மறுபடி சந்திப்பார். இடையில் அவருக்கு உத்தியோகம், கடன், கல்யாணம், காய்ச்சல் எல்லாம் உண்டு. அத்தனைக்கும் நடுவில் அந்த மனிதன் மறக்காமல் இருக்கவேண்டுமானால், முதல் சந்திப்பிலேயே அவனுடைய நடையோ, பேச்சோ, ஓர் அசட்டுத்தனமோ மனத்தில் பதிந்துவிடவேண்டும். இங்கிலாந்தில் டிக்கன்ஸ் மாதாந்தரப் பகுதிகளாக எழுதியபோது கற்ற வித்தையும் இதுவேதான். கல்கி அதை நமது வீட்டுத் திண்ணைகளுக்குக் கொண்டுவந்தார்.

1937-இல் விகடனில் வெளியான கள்வனின் காதலியை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் முத்தையன் ஒரு கள்வன். போலீஸ் குற்றப் பத்திரிகையில் அவனைப் பற்றி அந்த ஒரு சொல் போதும். நாவலாசிரியருக்கு அது போதாது. தங்கை அபிராமியின் மானத்தைக் காக்க முற்பட்ட ஒருவன் எப்படிப் பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளானான், எப்படிக் காவலிலிருந்து தப்பினான், கொள்ளிடக் கரைக் காடுகளில் ஒளிந்து வாழ்கையில் அந்தப் பொய்ச் சொல்லே எப்படி மெய்யாயிற்று என்று படிப்படியாகக் காட்டினார். அவன் செய்த திருட்டை அவர் நியாயப்படுத்தவில்லை. முடிவும் அவனுக்கு இனியதாக இல்லை. ஆயினும் கதையைப் படித்து முடித்தவர் கள்வன் என்ற சொல்லை முன்போல் இலேசாகச் சொல்லமாட்டார். ஒரு சட்டப் புத்தகம் செய்ய இயலாத காரியம் இது.

அதே 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி மந்திரிசபையார் சேலம் ஜில்லாவில் மது விலக்கைக் கொண்டுவந்தனர். கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருந்த கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காடு ஜில்லா. ஆகவே அன்று அதற்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. மாகாணம் முழுவதற்கும் மது விலக்கு வந்தது 1948-இல். அது தளர்த்தப்பட்டது 1971-இல். பின்னர் நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள்.

1938-இல் தொடங்கிய தியாகபூமி மற்றொரு புதுமை. கதை விகடனில் வந்துகொண்டிருக்கும்போதே டைரக்டர் கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார். படக் காட்சிகளே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவனின் முகம் தமிழ்நாட்டாருக்குத் தோன்றியது இப்படித்தான். புயல் இரவில் ஹரிஜனங்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்ததற்காக அக்கிரகாரம் ஒதுக்கிவைத்த கிராமத்துப் பிராமணர் அவர். அவர் மகள் சாவித்திரி கணவனால் கைவிடப்பட்டவள். அவளுக்குச் செல்வம் வந்த பின்னர் அந்தக் கணவனே அவளைச் சேர்ந்து வாழும்படி கோர்ட்டில் வழக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் கொடுப்பதாகச் சொல்கிறாள். அக்காலத்துச் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இக்காட்சியைப் படிக்கும் வக்கீல் எவரும் சற்றே நாற்காலியில் நெளியாமல் இருக்கமுடியாது. கதையின் தொடக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண் இந்த வார்த்தையைச் சொல்லும் நிலைக்கு வருவதற்குள் அவள் பட்டதையெல்லாம் நாமும் உடனிருந்து பார்த்திருக்கிறோம், ஆகையால் நம்புகிறோம். பாத்திரம் வளர்வது என்பது இதுதான். 1939-இல் வெளியான அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் பின்னர் தடை செய்தார்கள்.

1941-இல் தனிப்பட்ட சத்தியாக்கிரகத்தில் மூன்று மாதச் சிறைக்குப் பின், நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ஆகஸ்டு மாதம் கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் என்னும் சரித்திர நாவல்கள் அப்பத்திரிகையில் வந்தவையே. அடிமைப்பட்ட ஜனங்களுக்குத் தங்கள் முன்னோரை நினைவூட்டுவது அந்நாளில் தேசத் தொண்டாகவே இருந்தது. ஆனால் முன்னோர் பெருமை பேசுவதிலும் பிரசாரக் கதையின் ஆபத்து உண்டு. அரசர்கள் வெறும் சிலைகளாகிவிடுவார்கள். கல்கி சிலைகளிடம் நேராகப் போகவில்லை. பார்த்திபன் கனவில் நாம் முதலில் நெருங்கிப் பழகுவது பொன்னன் என்னும் படகோட்டியிடமும் அவன் மனைவி வள்ளியிடமும். சோழ ராஜ குடும்பத்தின் துயரத்தை அவர்கள் கண்களின் வழியே பார்க்கிறோம். சிவகாமியின் சபதத்தில், வாதாபியை வென்ற மாபெரும் சேனாதிபதியாகப் பின்னர் விளங்கப்போகும் பரஞ்சோதி, காஞ்சி நகரத்தைக் கண்டு மலைக்கும் நாட்டுப்புறத்து வாலிபனாக முதலில் வந்து சேர்கிறான். பெரியவனைச் சிறியவனாக இருக்கும்போதே நமக்கு அறிமுகப்படுத்துவது அவருடைய வழக்கம்.

வந்தியத்தேவனைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது தகும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையின் கணவன் என்ற அளவிலேயே அவன் பெயர் வருகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்து பாகங்கள் தாங்கும் வாலிபனை எப்படி உண்டாக்குவது? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையின்மேல் களைத்த குதிரையில் தனியே வருகிறவனாக அவனை முதலில் காட்டுகிறார். அவனுக்கு வீரத்தைக் கொடுத்தார். கூடவே அவசர புத்தியையும் கொடுத்தார். சாமர்த்தியம் கொடுத்தார், அச்சாமர்த்தியத்தினாலேயே அவனை வம்பில் மாட்டிவைத்தார். நினைத்த மாத்திரத்தில் பொய் சொல்வான். அந்தப் பொய்யே திரும்பி வந்து அவனை இடறும். குற்றங்குறைகள் இருப்பதனாலேயே அவன் நமக்கு உறவினன் போல் ஆகிவிட்டான். குறையில்லாத கதாநாயகனை ஜனங்கள் வணங்குவார்கள். ஆனால் அடுத்த வாரம் அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்படமாட்டார்கள்.

இன்னொரு முறையும் கவனிக்கத்தக்கது. ஒருவரை நேரில் காட்டுவதற்கு முன் அவரைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்கவைப்பார். பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினியைப் பற்றிப் பேச்சு முதலில் வருகிறது. பிறகு திரையிட்ட மூடு பல்லக்கு வருகிறது. பல்லக்கிலிருப்பது யார் என்பதிலேயே நாமும் ஏமாறுகிறோம். அவள் முகத்தை நன்றாகப் பார்க்குமுன்பே அவளைப் பற்றி நாம் அபிப்பிராயம் கொண்டுவிடுகிறோம். அதற்கப்புறம் அந்த அபிப்பிராயத்தை ஆசிரியர் ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கிறார். பெரிய பழுவேட்டரையரும் அவ்வாறே. அறுபத்துநான்கு விழுப்புண்கள் தாங்கிய அந்தக் கிழவரை முதலில் வெறுக்கிறோம், பின்னர் நகைக்கிறோம், கடைசியில் அவருக்காக இரங்குகிறோம். எதிர்க்கட்சிக்காரனுக்கும் ஒரு வழக்கு உண்டு என்பதை விமோசனத்தின் பிரசாரகர் இருபது வருஷத்தில் முழுவதும் உணர்ந்துவிட்டார். ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்லுகிறது. ஆயினும் கடம்பூர் மாளிகையில் அந்த நிமிஷம் வரும்போது விளக்கை அணைத்துவிடுகிறார் நாவலாசிரியர். யார் கை என்று அவர் திட்டமாகத் தீர்ப்புக் கூறவில்லை. அவசரத் தீர்ப்புக் கூறும் பழக்கமுள்ள நமக்கு அந்த இருட்டு ஒரு நல்ல பாடம்.

அவருடைய குறைகளையும் மறைப்பதற்கில்லை. மாறுவேஷங்களையும் எதிர்பாராத சந்திப்புக்களையும் அவர் அளவுக்குமீறிக் கையாண்டார். அவருடைய நல்லவர்களில் சிலர் தேவைக்குமேல் நல்லவர்கள். ஜனரஞ்சகத்துக்காகவே எழுதுகிறார் என்று மணிக்கொடி எழுத்தாளர்கள் அவரைக் கண்டித்தார்கள். அக்கண்டனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமுடியாது. அதற்கு அவர் அளித்த சிறந்த பதில் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் எழுதிய அலை ஓசை என்று நாம் எண்ணுகிறோம். அதில் ராஜாக்கள் இல்லை. ராஜம்பேட்டைக் கிராமத்தில் தொடங்கி டில்லியின் பிரிவினைக் கலவரம் வரையில் செல்லும் கதை அது. பத்திரிகைகள் அக்கலவரத்தில் மாண்டவர்களை லக்ஷக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், சீதா என்ற ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவர் எழுதினார். தமது நூல்களில் நிலைத்து நிற்கத்தக்கது ஏதேனும் உண்டானால் அது அலை ஓசையே என்று அவர் கருதியதில் வியப்பில்லை. 1956-இல் அதற்கு சாகித்ய அகாதமிப் பரிசு கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, பொன்னியின் செல்வன் முடிந்த அதே ஆண்டில், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் சென்னையில் காலமானார். கதை முடிந்தபின் இன்னாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம், அந்நாவலின் முடிவுரையிலேயே பொறுமையாகப் பதில் எழுதிவைத்துவிட்டுப் போனார். இல்லாத மனிதர்களின் க்ஷேமத்தை ஒரு நாட்டு ஜனங்கள் விசாரித்தார்கள்!

இங்கேதான் நாம் கருணாபுரத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. வந்தியத்தேவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்ட தமிழ்நாடு, கருணாபுரத்து விதவைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டதா? கேட்கவில்லை என்றால், அது நம் இதயம் கல் என்பதனால் அன்று. வந்தியத்தேவனை நமக்கு ஒருவர் அறிமுகம் செய்துவைத்தார். கருணாபுரத்துக்காரரை ஒருவரும் செய்துவைக்கவில்லை.

மெதனால் உடலுக்குள் சென்றவுடனே ஆளை வீழ்த்துவதில்லை. ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தில் சேர்ந்து கண் நரம்பைத் தாக்குகிறது, பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த மணி நேரங்களில் குடித்தவன் வழக்கமான போதை என்றே நினைத்திருப்பான். வீட்டுக்குப் போவான்; ஏதோ இரண்டு வார்த்தை பேசுவான்; படுப்பான். நாம் எண்ணத் தொடங்கியது அவன் இறந்த பிறகு. நாவலாசிரியர் தொடங்கக்கூடிய இடம் அந்த மணி நேரங்கள். அன்று அவன் என்ன பாரம் தூக்கினான், யாரிடம் கடன்பட்டிருந்தான், எதைச் சொல்லிச் சிரித்தான், எந்தக் குழந்தையின் பேரில் உயிராக இருந்தான் என்று அவர் கேட்பார். அவன் குடித்ததை மறைக்கமாட்டார். விற்றவனையும், விற்கவிட்டவனையும், அவர்களுக்கும் பெயரும் முகமும் கொடுத்து எதிரே நிறுத்துவார். அதற்குப் பின் குடிகாரர் என்ற ஒற்றைச் சொல்லை நாம் சொல்ல வாயெடுத்தால் நாக்குத் தயங்கும்.

கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாயின. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்து ஒரு புதிய தலைமுறையும் அவரைக் கொண்டாடியது. நல்லது. ஆயினும் அவருக்குச் செய்யவேண்டிய சிறந்த மரியாதை சோழ ராஜ்யத்தைப் பற்றி இன்னும் பத்து நாவல்கள் எழுதுவதன்று. ஏழைக் கூலிக்காரரை வாசகராக எண்ணி விமோசனத்தில் எழுதத் தொடங்கிய அந்த இளைஞரின் காரியம் பாதியில் நிற்கிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து, அந்தத் தெருக்களின் பேச்சையும் சிரிப்பையும் அறிந்த எழுத்தாளர் ஒருவர் அதைக் கையில் எடுக்கட்டும். அவர் எழுதும் வரையில் பத்திரிகைக்காரர்களாகிய நாமேனும், இனி இத்தகைய விபத்து நேரும்போது, எண்ணிக்கையுடன் நிறுத்திக்கொள்வதில்லை என்று உறுதி செய்துகொள்வோமாக.